ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு சீரியஸா இருக்கானு எப்படி தெரிஞ்சுக்கறது? கடலூர், புதுச்சேரி பக்கம் அம்மாக்கள் அடிக்கடி கேக்கற கேள்விகள்

கடலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல, அதாவது பிஎச்சில, நர்ஸா இருக்கேன். எங்க கிட்ட தூக்கணாம்பாக்கம், நெல்லிக்குப்பம் பக்கம் இருந்தும் வருவாங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூர், கன்னியக்கோயில்ல இருந்து தாய் வீட்டுக்கு வந்த பொண்ணுங்களும் வருவாங்க, எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேள்விதான், அதனால எழுதி வச்சிட்டேன். இதுல இருக்கறது என் சொந்த யோசனை இல்ல. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990கள்ல கொண்டு வந்து, நம்ம நாடு அதுல பிறந்த குழந்தையையும் சேத்து ஐஎம்என்சிஐனு மாத்தி வச்சிருக்கிற விதிமுறை, எங்களுக்கு டிரெயினிங்ல சொல்லித்தர்றதும் அதைத்தான்.

எந்த வயசு குழந்தைக்கு இது?

பிறந்த நாள்ல இருந்து 59 நாள் வரைக்கும். ரெண்டு மாசம் முடிஞ்சா வேற சார்ட், மூச்சு கணக்கு கூட மாறிடும். பெரிய பிள்ளைக்கு பாக்கற மாதிரி இதுக்குப் பாத்தீங்கனா ஏமாந்துடுவீங்க.

ஏன் பச்சக்குழந்தைக்கு மட்டும் தனி விதி? காய்ச்சல் காய்ச்சல்தானே?

இல்லங்க. மூணு வயசுப் பிள்ளைக்கு கிருமி தாக்குனா காய்ச்சல் அடிக்கும், இருமும், வயித்த வலிக்குதுனு சொல்லும், எங்க பிரச்சனைனு நமக்கு ஒரு துப்பு கிடைச்சிடும். இருபது நாள் குழந்தைக்கு ரத்தத்துல கிருமியா, நிமோனியாவா, மூளைக்காய்ச்சலானு வெளிய இருந்து பாத்து பிரிக்கவே முடியாது, மூணுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும், பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், மூச்சு வேகமா வாங்கும். காய்ச்சலே இல்லாம உடம்பு சில்லுனு ஆகறதும் உண்டு. இன்னொண்ணு வேகம். காலைல லேசா பால் கம்மியா குடிச்ச குழந்தை சாயங்காலம் மோசமாயிடலாம். அதனாலதான் இந்த விதிமுறை "என்ன வியாதி"னு நம்மள கண்டுபிடிக்கச் சொல்லல, "ஆஸ்பத்திரிக்கு போகணுமா வேணாமா"னு மட்டும்தான் கேக்குது.

சரி, என்னென்ன அறிகுறி?

ஏழு இருக்கு. பால் சரியா குடிக்காம போறது. ஃபிட்ஸ் வந்தது, இப்ப வந்தாலும் சரி வந்து நின்னு போயிருந்தாலும் சரி. தொட்டு எழுப்புனாத்தான் அசையுது, இல்ல எழுப்புனாலும் அசையல. மூச்சு ஒரு நிமிஷத்துக்கு 60 இல்ல அதுக்கு மேல. மூச்சு இழுக்கும்போது நெஞ்சோட கீழ்ப்பகுதி நல்லா ஆழமா உள்ள போறது. அக்குள்ல வச்சுப் பாத்தா 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் இல்ல அதுக்கு மேல. இல்லனா 95.9க்கு கீழ. அவ்வளவுதான்.

நம்ம ஊர் சார்ட்ல இதோட கூட முனகல், மூக்கு விடைக்கிறது, உச்சிக்குழி உப்பி நிக்கிறது, உடம்புல பத்து இல்ல அதுக்கு மேல சீழ் கொப்புளம்னு இன்னும் சிலது இருக்கு, ஆனா வீட்ல இருக்கிறவங்க இந்த ஏழ மனப்பாடம் பண்ணாலே பெரிய விஷயம்.

இதுல எத்தனை இருந்தா போகணும்?

ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும். இதைத்தான் திரும்ப திரும்ப சொல்ல வேண்டியிருக்கு, ஏன்னா எல்லாரும் "காய்ச்சல் இல்லயே, மூச்சு மட்டும்தானே வாங்குது"னு ஒண்ண வச்சு இன்னொண்ண சமாதானம் பண்ணிக்கறாங்க. ரெண்டாவது அறிகுறி வரட்டும்னு காத்திருக்கிற நேரத்துலதான் குழந்தை கைய விட்டுப் போகுது.

இந்த ஏழு மட்டும் போதும்னு யார் முடிவு பண்ணா? நம்பலாமா?

நல்ல கேள்வி, படிச்ச அப்பாக்கள் இதைக் கேப்பாங்க. 2008ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கானா, தென்னாப்பிரிக்கா, பொலிவியானு ஆறு நாட்டுல, உடம்பு சரியில்லனு கொண்டு வந்த 8,889 குழந்தைங்கள முதல்ல சுகாதாரப் பணியாளர் பாத்தாங்க, அப்பறம் குழந்தை டாக்டர் தனியா பாத்து, இதுக்கு அட்மிஷன் தேவையா இல்லயானு சொன்னாங்க, ரெண்டையும் ஒத்துப் பாத்தாங்க. முதல் வாரக் குழந்தைக்கு 12 அறிகுறி உதவுதுனு தெரிஞ்சுது, அதைக் குறைச்சு ஏழாக்கியும் பிடிக்கிற திறன் கிட்டத்தட்ட குறையல. அந்த ஏழுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே, நிஜமா சீரியஸா இருந்த 100 குழந்தைல சுமார் 85ஐ பிடிச்சிடுது. சீரியஸ் இல்லாத 100ல சுமார் 25ஐயும் சேத்து பிடிச்சிடுது. ஒரு வாரத்துக்கு மேல ரெண்டு மாசம் வரைக்கும்னா 74ஐ பிடிக்குது, தேவையில்லாம பிடிக்கிறது 21.

இந்த நம்பர்ல இருந்து ரெண்டு விஷயம் எடுத்துக்கங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடி "ஒண்ணும் இல்ல, கூட்டிட்டு போங்க"னு சொல்றது சகஜம், அது அலைச்சல்தான், ஆனா யார் மேலயும் தப்பு இல்ல. ரெண்டாவது, ஏழும் இல்லனாலும் முழு கேரண்டி கிடையாது, பெத்தவளுக்கு மனசு ஒப்பலனா காட்டிடணும், "குழந்தை வழக்கமா இருக்கிற மாதிரி இல்ல"னு ஒரு அம்மா சொன்னா அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

பால் கம்மியா குடிக்குதுனு எப்படி சொல்றது? குழந்தை தூங்கிட்டே இருக்கே?

பிறந்த குழந்தை நிறைய தூங்கும், ஆனா 24 மணி நேரத்துல எட்டு தடவையாவது எழுந்து குடிக்கும். கணக்கு எதோட ஒப்பிட்டுனா அதே குழந்தையோட நேத்தி கூடத்தான். நல்லா குடிச்சிட்டு இருந்தது திடீர்னு வாயில வச்சா சப்பாம விட்டுடுது, ரெண்டு வாய் இழுத்துட்டு களைச்சுப் போயிடுது, எழுப்பி உள்ளங்கால சுண்டினாலும் வாய் திறக்கலனா, அது அறிகுறி. பக்கத்து வீட்டுக் குழந்தை அரை மணி நேரம் குடிக்குது எங்களது பத்து நிமிஷம்தான்னு வர்றது அறிகுறி இல்ல. முதல் வாரம் தாண்டுன குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்கு போனா பால் போதுதுனு அர்த்தம்.

சில பேர் குடிக்கலன உடனே பாலாடைல பவுடர் பால கரைச்சு ஊத்திப் பாக்கறாங்க, இல்ல சக்கரைத் தண்ணி. குடிக்க முடியாத குழந்தைக்கு ஊத்துனா நெஞ்சுல ஏறிடும். ஊத்தாதீங்க, கிளம்புங்க.

மூச்சு எண்ணறது எப்படி? நான் எண்ணுனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது.

வரும், ஏன்னா பச்சக்குழந்தையோட மூச்சு ஒழுங்கா இருக்காது. நாலஞ்சு தடவை வேகமா இழுக்கும், ரெண்டு மூணு செகண்ட் நிக்கும், மறுபடி இழுக்கும். அது இயல்பு. அதனாலதான் முப்பது செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கறது இங்க செல்லாது, முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும்.

குழந்தை அழக்கூடாது, பால் குடிச்சிட்டும் இருக்கக்கூடாது. தூங்கும்போது பாருங்க. சட்டைய மேல தூக்கிவிட்டு வயிறும் நெஞ்சும் தெரியற மாதிரி வெளிச்சத்துல வைங்க, மொபைல்ல டைமர் வச்சு இன்னொருத்தர் நேரம் பாக்கட்டும், நீங்க வயிறு ஏறி இறங்கறத மட்டும் பாருங்க. ஏறி இறங்குனா ஒண்ணு. 60க்கு கீழ வந்தா சரி. 60 இல்ல மேல வந்தா கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை எண்ணுங்க, ரெண்டாவது தடவையும் 60 இல்ல அதுக்கு மேல வந்தா கிளம்பிடணும்.

மூச்சு 20 செகண்ட் நின்னாலோ, நிக்கும்போது உதடு நீலமா மாறினாலோ எண்ணிட்டு உக்காராதீங்க, உடனே 108.

நெஞ்சு உள்ள இழுக்குதுனு சொல்றீங்க, எங்க குழந்தைக்கு எப்பவுமே லேசா இழுக்குதே?

இந்த வயசுல விலா எலும்பு மெத்துனு இருக்கும், அதனால லேசா உள்வாங்கறது இருக்கும், அதுக்கு பயப்பட வேணாம். தள்ளி நின்னு பாத்தாலே பளிச்சுனு தெரியற அளவுக்கு, ஒவ்வொரு மூச்சுக்கும், விலாவுக்கு கீழ பள்ளம் விழற மாதிரி போனாத்தான் அறிகுறி. சந்தேகமா இருந்தா வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பி "என்ன சொல்றீங்க சிஸ்டர்"னு கேக்கறத விட நேர்ல கொண்டு வர்றது நல்லது. வீடியோல பாதி நேரம் இருட்டாத்தான் இருக்கு.

தெர்மாமீட்டர்ல 99.6 காட்டுது. நூறு கூட இல்லயே, இது காய்ச்சலா?

இந்த வயசுக்கு ஆமா. விதிமுறைல 37.5 செல்சியஸ்னு இருக்கு, நம்ம கடையில விக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்ல காட்டும், அதுல 99.5. நமக்கு எல்லாம் நூறு தாண்டுனாத்தான் காய்ச்சல்னு மனசுல பதிஞ்சு போச்சு. குழந்தை அக்குள் ஈரமில்லாம துடைச்சிட்டு, நுனி நல்லா உள்ள போற மாதிரி வச்சு, கைய ஒட்டிப் பிடிச்சு, பீப் சத்தம் வர்ற வரைக்கும் விடாதீங்க. நெத்தில கை வச்சு பாக்கறதெல்லாம் சும்மா.

அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர் வெயிலுக்கு, ஆஸ்பெஸ்டாஸ் வீட்ல, மூணு துணி சுத்தி, தலைக்கு குல்லா போட்டு வச்சா எந்தக் குழந்தைக்கும் சூடு ஏறும். அப்படி இருந்தா துணிய குறைச்சு, காத்தோட்டமா வச்சு, பால் குடுத்துட்டு கால் மணி நேரம் கழிச்சு திரும்ப பாக்கலாம். அப்பவும் 99.5 இருந்தா போங்க. கூடவே வேற ஏதாவது அறிகுறி இருந்தா அந்த கால் மணி நேரமும் வேணாம். பாராசிட்டமால் சொட்டு ஊத்தி காய்ச்சல இறக்கிட்டு கொண்டு வராதீங்க தயவு செஞ்சு.

உடம்பு சில்லுனு இருந்தா? குளிருக்குத்தானே?

குளிருக்கும் ஆகும், கிருமிக்கும் ஆகும். வயித்த தொட்டா சூடா இருக்கு, பாதம் மட்டும் சில்லுனு இருக்குனா குளிர் தாக்க ஆரம்பிச்சிருக்கு, அம்மா நெஞ்சோட தோலோட தோலா ஒட்டி வச்சு மேல துணிய போர்த்துங்க, அதுக்கு மிஞ்சின ஹீட்டர் கிடையாது. வயிறும் சில்லுனு இருந்தா வேற மாதிரி. தெர்மாமீட்டர்ல 95.9க்கு கீழ காட்டுனா நெஞ்சோட அணைச்சபடியே ஆஸ்பத்திரி.

2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்ப கரண்ட் இல்ல, வீடு பூரா தண்ணி, அந்த மாதிரி நாள்ல இதுதான் முக்கியமா பாக்க வேண்டியது. ஐப்பசி, கார்த்திகைல பிரசவ தேதி இருக்கிறவங்க இதை முன்னாடியே நினைப்புல வைங்க.

ஃபிட்ஸ்னா கை கால் வெட்டி இழுக்குமே, எங்க குழந்தைக்கு அப்படி இல்ல, ஆனா கண்ணு ஒரே பக்கம் நிக்குது.

அதுவும் ஃபிட்ஸா இருக்கலாம். இந்த வயசுல பெரியவங்க மாதிரி இழுக்காது. கண்ணு நிலைகுத்தறது, வாய் சும்மாவே சப்பறது, கால் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆடறது, நடுவுல மூச்சு நிக்கறது, இப்படி எல்லாம் வரும். வெறும் நடுக்கமானு பாக்கணும்னா ஆடற கைய மெதுவா பிடிங்க, பிடிச்ச உடனே நின்னா பெரும்பாலும் நடுக்கம்தான், உங்க கைக்குள்ளயும் துடிச்சிட்டே இருந்தா ஃபிட்ஸ். கைல சாவி குடுக்கறது, மூக்குல வெங்காயம் காட்டறதெல்லாம் வேணாம், ஒருக்களிச்சு படுக்க வச்சு கிளம்புங்க.

மஞ்சக்காமாலை இந்த ஏழுல இல்லயே?

அந்த ஆய்வுலயே மஞ்சக்காமாலைய தனியா ஒதுக்கி வச்சுட்டுதான் பாத்தாங்க, அதுக்கு வேற கணக்கு. பிறந்து 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சள் வந்தா ஆபத்து. எந்த நாளா இருந்தாலும் உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளா இருந்தா ஆபத்து. நம்ம நாட்டு சார்ட் படி 14 நாள் ஆகியும் மஞ்சள் இருந்தாலும் அனுப்பிடணும். இதுல எதுவும் இல்லாம மூணாவது நாள் முகம் மட்டும் லேசா மஞ்சளா இருந்தா நிறைய குழந்தைக்கு தானா போயிடும், ஆனாலும் பகல் வெளிச்சத்துல தினமும் உள்ளங்கால அழுத்தி விட்டுப் பாருங்க. காலை வெயில்ல காட்டறது வைத்தியம் ஆகாது, ஆஸ்பத்திரில வைக்கிற நீல லைட் வேற சமாச்சாரம்.

தொப்புள்ல சீழ் மாதிரி இருக்கு, உடம்புல கொப்புளம்.

தொப்புள் சிவந்தோ சீழ் வடிஞ்சோ இருந்து, கொப்புளம் பத்துக்கு கீழ, குழந்தை நல்லா குடிக்குது, மத்த அறிகுறி எதுவும் இல்லனா மஞ்சள் கலர் கட்டம், அதாவது அன்னைக்கே காட்டி மருந்து வாங்கிட்டு வீட்ல வச்சுப் பாக்கலாம். தொப்புள் சிவப்பு சுத்தி வயித்துத் தோலுக்கு பரவுனாலோ, கொப்புளம் பத்து அதுக்கு மேல இருந்தாலோ, பெரிய கட்டி வந்தாலோ ஆஸ்பத்திரி. கொடி விழற வரைக்கும் அதுல எதையும் தடவாதீங்க, எண்ணெய், மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும்.

எங்க ஆயா இது மாந்தம், செவ்வாப்பு, பட்சி தோஷம்னு சொல்றாங்க. உரை மருந்து குடுக்கலாமா?

ஆயாக்கள் கூட சண்டை போட நான் வரல, ராத்திரி பூரா மடியில போட்டு ஆட்டறது அவங்கதான். கயிறு கட்டணுமா கட்டுங்க, திருஷ்டி கழிக்கணுமா கழிங்க, அதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும். ஆனா மாந்தம்னு சொல்றதும் செவ்வாப்புனு சொல்றதும் பல நேரம் இந்த ஏழுல ஒண்ணாத்தான் இருக்கு, துவண்டு போச்சு, பால் குடிக்கல, வெட்டி இழுத்துச்சுனு. அதுக்கு வேப்பிலை அடிச்சு, தொக்கம் எடுத்து, வசம்பு உரசி ஊத்திட்டு மூணாம் நாள் கொண்டு வரும்போதுதான் எங்களுக்கு வயித்தக் கலக்குது.

வாயில போறது மட்டும் வேணாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர உரை மருந்து, கிரைப் வாட்டர், சேனை எதுவும் வேணாம். இன்னொண்ணு, சளிக்கு தேங்காயெண்ணெயில கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தடவறாங்க, கற்பூரம் கைக்குழந்தைக்கு ஃபிட்ஸ் வரவழைக்கும். சாம்பிராணி புகையும் மூச்சு வாங்கற குழந்தைக்கு ஆகாது.

பிஎச்சில ஊசி ரெண்டு போட்டுட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்கனு சொல்லிட்டாங்க. ஏன் அங்கயே வச்சுக்கல?

ஏழுல ஒண்ணு இருந்தா சார்ட்ல பிங்க் கட்டத்துல வரும். பிங்க்னா முதல் டோஸ் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் போட்டு உடனே அனுப்பணும், போற வழில ஆகற நேரம் வீணாகக் கூடாதுனுதான் அந்த ஊசி. அதைப் போட்டதும் குழந்தை கொஞ்சம் தேறின மாதிரி தெரிஞ்சா சில பேர் பஸ் ஸ்டாண்டுல இருந்தே வீட்டுக்கு திரும்பிடறாங்க. ஒரு டோஸ்ல எதுவும் தீராது.

போகவே முடியலனா?

2015ல உலக சுகாதார நிறுவனம் இதுக்குனே ஒரு வழிமுறை கொடுத்துச்சு. அனுப்பறது சாத்தியமே இல்லனா, குடும்பம் வர மறுத்தா, பக்கத்துல இருக்கிற சுகாதார நிலையத்துலயே ஜென்டாமைசின் ஊசி, வாய்வழி அமாக்சிசிலின் 7 நாள், தினமும் திரும்ப பாக்கணும். ஒரு வாரம் தாண்டின குழந்தைக்கு மூச்சு வேகம் மட்டும் இருந்து வேற எதுவும் இல்லனா அமாக்சிசிலின் மட்டும் போதும்னும் இருக்கு. நம்ம நாட்டுலயும் 2014லயே கிராம சுகாதார செவிலியர் குறிப்பிட்ட சூழ்நிலைல ஜென்டாமைசின் போடலாம்னு மத்திய அரசு அனுமதி குடுத்திருக்கு. ஆனா ஃபிட்ஸ், சுத்தமா குடிக்க முடியல, மயக்கம் இந்த மூணுக்கும் அந்த வழி கிடையாது. கடலூர்லயும் புதுச்சேரியிலயும் இருக்கிறவங்களுக்கு ரோடு இருக்கு, 108 இருக்கு, அதனால இதை ஒரு சாய்ஸா நினைக்காதீங்க. மெடிக்கல்ல அமாக்சிசிலின் சிரப் வாங்கி நீங்களே ஊத்தறது இந்த வழிமுறை இல்ல.

எங்க போகணும்? கடலூரா, புதுச்சேரியா?

கிட்ட எது இருக்கோ அது. மஞ்சக்குப்பத்துல கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கு, சிதம்பரம் பக்கம்னா அங்க அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, பாகூர், கன்னியக்கோயில் பக்கம்னா புதுச்சேரில எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ்காந்தி மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர். நம்ம ஆளுங்களுக்கு ஜிப்மர் மேல ஒரு தனி நம்பிக்கை, அது தப்பில்ல, ஆனா பக்கத்துல பச்சக்குழந்தை வார்டு இருக்கும்போது அதைத் தாண்டி டிராஃபிக்ல ஓட்டிட்டு போறது சரியில்ல, முதல்ல கிட்ட இருக்கிறதுல காட்டுங்க, தேவைப்பட்டா அவங்களே அனுப்புவாங்க. அரசு ஆஸ்பத்திரில ஒரு வயசு வரைக்கும் குழந்தைக்கு வைத்தியமும் வண்டியும் இலவசம்.

வழில குழந்தை அம்மா நெஞ்சோட ஒட்டி இருக்கட்டும், குடிக்க முடிஞ்சா பால் குடுத்துட்டே போங்க, சர்க்கரை இறங்காம இருக்கும். தாய் சேய் நல அட்டை, பிஎச்சில குடுத்த சீட்டு, எந்த மருந்து எத்தனை மணிக்கு போட்டாங்கனு எழுதினது, இதெல்லாம் கையில இருக்கணும். பால் குடுக்கிற அம்மா கண்டிப்பா கூட வரணும், அம்மாவ வீட்ல விட்டுட்டு பாட்டியும் மாமாவும் மட்டும் தூக்கிட்டு வந்தா குழந்தை பசியோட கிடக்கும்.

நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பாப்பாங்களாமே, எப்ப?

ஆஸ்பத்திரில பிரசவம்னா 3, 7, 14, 21, 28, 42வது நாள். வீட்ல பிரசவம்னா முதல் நாளும் சேத்து. மகாராஷ்டிரால கட்சிரோலினு ஒரு பின்தங்கிய மாவட்டத்துல அபய் பங், ராணி பங்னு டாக்டர் தம்பதி கிராமத்துப் பொண்ணுங்களுக்கு சொல்லிக்குடுத்து வீட்டுலயே பச்சக்குழந்தைய பாக்க வச்சாங்க, பிறந்த குழந்தை சாவு ரொம்பக் குறைஞ்சுது, 1999ல லான்செட்ல வந்துச்சு, அதை வச்சுத்தான் 2011ல நாடு முழுக்க இந்த வீட்டு வருகை வந்துச்சு. வரும்போது "குழந்தை தூங்குது, அப்பறம் வாங்க"னு அனுப்பிடாதீங்க, மூச்சு எண்ண தூங்கற குழந்தைதான் எங்களுக்கு வசதி. தாய் வீட்டுக்கு ஊர் மாறிப் போனா அந்த ஊர் நர்ஸுக்கு சொல்லுங்க, இல்லனா ரெண்டு பேர் லிஸ்ட்லயும் விட்டுப் போயிடும்.

தும்மல், விக்கல், முக்கறது, மார்பு வீங்கறது, பெண் குழந்தைக்கு கீழ லேசா ரத்தம்?

முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல இதெல்லாம் சகஜம். வீங்கின மார்ப பிதுக்காதீங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுனா மட்டும் அது வேற, காட்டிடுங்க.

குறைமாசம், எடை கம்மி குழந்தை. அதே கணக்கா?

அறிகுறி அதேதான், ஆனா தாங்கற சக்தி கம்மி, அதனால உங்க பொறுமையும் கம்மியா இருக்கட்டும். ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பொட்டில வச்சு அனுப்புன குழந்தைனா டிஸ்சார்ஜ் சீட்ல இருக்கிற தேதிக்கு செக்கப் போயே ஆகணும்.

ராத்திரி ரெண்டு மணி, வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்ல, கடலுக்குப் போயிருக்காங்க. காலைல போனா ஆகாதா?

தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் இந்தக் கேள்வி ரொம்ப வரும். ஆகாது. 108க்கு ராத்திரி பகல் கிடையாது, ஆம்பள துணை இருந்தாத்தான் ஏத்துவோம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பக்கத்து வீட்டு அக்காவ எழுப்புங்க, திட்டுனா திட்டட்டும். போன்ல "29 நாள் குழந்தை, பால் குடிக்கல, மூச்சு 68"னு வயசையும் அறிகுறியையும் நம்பரோட சொல்லுங்க, தெருவுக்கு அடையாளமா கோயிலோ ரேஷன் கடையோ சொல்லுங்க, வண்டி வர்ற வரைக்கும் குழந்தைய நெஞ்சுல இருந்து இறக்காதீங்க.